சேர்வராயன் மலைச் சரிவில் சந்தனம் ஏன் கூட்டம் கூட்டமாக நிற்கிறது?

வெக்காலி:

வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்குச் சேர்வராயன் மலையின் ஒரு சரிவில், இலையுதிர் காட்டில், சந்தன மரங்கள் எப்படிப் பரவி நிற்கின்றன என்று பார்க்கிறேன். வனத்துறை அனுமதி கையில் இருக்கிறது, கூட ஒரு வாட்சரும் வருகிறார்.

உசிலை, வெக்காலி, வெப்பாலை எல்லாம் சரிவு முழுக்கக் கிடைக்கிறது. சந்தனம் அப்படி இல்லை. நெடுந்தூரம் நடந்தாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாது. திடீரென்று ஒரு முட்புதரைச் சுற்றி இடுப்பளவுக் கன்றுகள் கும்பலாக நிற்கும். அதைத் தாண்டினால் மறுபடி ஒன்றுமில்லை.

கைடு சொல்வது: பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் போடு, எண்ணு, வேரியன்ஸை (எண்ணிக்கை கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) சராசரியால் வகு, ஒன்றைவிட நன்றாகக் கூடுதலாக வந்தால் 'கூட்டப் பரவல்' என்று எழுதிவிடு. கூட்டமாக இருப்பதுதான் சும்மா பார்த்தாலே தெரிகிறதே! அதைச் சொல்ல ஓர் ஆய்வேடா? ஏன் கூட்டம் என்பதைக் களத்திலேயே பிடிக்க வழி உண்டா?

ஓய்வு_வனவர்:

தம்பி, சந்தனம் தனியா நின்னு பொழைக்கற மரம் இல்லைங்க. இலை பச்சைதான், சோறு தானே ஆக்கிக்கும். ஆனா தண்ணியும் தாது உப்பும் பெரும்பாலும் பக்கத்து மரத்து வேர்ல இருந்து உறிஞ்சும். நர்சரியில பாக்கெட்ல சந்தனக் கன்னு வெச்சா கூடவே ஒரு துவரை வெதை ஊணுவோம். எதுக்கு? அதோட வேரைப் பிடிச்சுக்கத்தான். காட்டுல விழுந்த வெதை, தனக்குள்ள இருக்கற சத்தை வெச்சுக் கொஞ்ச நாள் ஓட்டும். அதுக்குள்ள ஒரு வேர் சிக்கலைன்னா இலை வெளுத்துப் போயி நின்ன எடத்துலயே நின்னுக்கும்.

ஒரு கன்னைச் சுத்தி மண்ணை விரலால விலக்கிப் பாருங்க. குச்சி, கொத்து எதுவும் வேண்டாம், அறுந்துரும். மேல் மண்ணுலயே சந்தனத்தோட மெல்லிசு வேர் ஓடும். அதுல அங்கங்க வெள்ளையா, மிளகுல பாதி இருக்கும், ஒரு முடிச்சு அடுத்த வேர் மேல கவுந்து ஒட்டியிருக்கும். அதான் உறிஞ்சு வேர். சந்தனம் ஒட்டி வாழுதுன்னு 1871லயே எழுதி வெச்சுட்டாங்க.

அதனால கூட்டத்துக்குக் காரணம் ஆதார மரம். உசிலை, புங்கன், வாகை எங்க இருக்கோ அங்க சந்தனம். இதுக்குக் கணக்கு எதுக்குங்க?

வெக்காலி:

தம்பி இல்லைங்க ஐயா, தங்கச்சி. 🙂

விரலால் மண்ணை விலக்குவதை வாட்சரும் சொன்னார், நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். உசிலை சரிவு முழுக்க இருக்கிறது. ஆதார மரம்தான் காரணம் என்றால் சந்தனமும் சரிவு முழுக்க இருக்க வேண்டாமா?

இருபதாம்_வளைவு:

எங்க எஸ்டேட் கம்பி வேலியை வந்து பாருங்க. வேலி நெடுக சந்தனக் கன்னு, ஒருத்தரும் நட்டதில்லை. கொண்டைக்குருவியும் மைனாவும் அந்தக் கறுத்த பழத்தை விழுங்கிட்டு வந்து கம்பி மேல உக்காருது. கொட்டை கீழ விழுது, வேலியோரம் யாரும் களை எடுக்கறதில்லை, முளைச்சுக்குது. உங்க முட்புதருக்கும் இதே கதைதான். குருவி உக்கார எடம் எதுவோ அதுதான் சந்தனக் கூட்டம். வேர் சமாசாரம் அப்புறம்.

கூட்டத்துக்கு எதிர்ப்பதமா ஒரு பரவல் பார்க்கணும்னா நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக்கைப் பாருங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்த மரம். கயிறு பிடிச்ச மாதிரி வரிசை, ஒவ்வொண்ணுலயும் மிளகுக்கொடி. காட்டுல எந்த மரமும் அப்படி நிக்காது.

சராசரி:

கல்லூரியில் புள்ளியியல் எடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெக்காலி, கட்டம் போடுவது தொடக்கத்துக்கு நல்லதுதான். அதோடு நிறுத்தினால்தான் சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரே வரிசையில் பத்துக் கட்டம், அவற்றில் மரங்கள் 0, 0, 7, 0, 1, 0, 0, 9, 2, 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 20, சராசரி 2, வேரியன்ஸ் 10.67. வகுத்தால் 5.33. மரங்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் தற்செயலாக விழுந்திருந்தால், பத்துக் கட்டத்துக்கு இந்த விகிதம் நூற்றுக்கு 95 தடவை 0.30-க்கும் 2.11-க்கும் நடுவில்தான் வரும். 5.33 என்றால் கூட்டம் என்பதில் பேச்சே இல்லை.

அதே கட்டங்களை இரண்டிரண்டாகச் சேருங்கள். 0, 7, 1, 9, 3. சராசரி 4, வேரியன்ஸ் 15, விகிதம் 3.75. ஒரு மரமும் நகரவில்லை, ஆனால் எண் மாறிவிட்டது. கட்டத்தை எந்த அளவில் வெட்டுகிறோம் என்பதும் விடைக்குள் புகுந்துகொள்கிறது. சந்தனக் கும்பல் மூன்று மீட்டர் அகலமா முப்பது மீட்டர் அகலமா என்பதை இந்த எண் சொல்லாது. உங்களுக்கு வேண்டியதோ அந்த அகலம்தான், ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் எட்டும் தூரம் ஒன்று உண்டு. வேருக்குச் சில மீட்டர். குருவிக்கு மரம் விட்டு மரம். மண்ணும் ஈரமும் சரிவின் ஒரு பக்கம் முழுக்க.

அதனால் எண்ணிக்கையை விட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் எக்ஸ், ஒய் (ஒரு மூலையிலிருந்து குறுக்கும் நெடுக்கும் எத்தனை மீட்டர்) எடுங்கள். ஒரு ஹெக்டேர் போதும், ஆனால் அதற்குள் விடுபடல் கூடாது. கிளார்க்கும் எவான்ஸும் 1954-ல் கொடுத்த எளிய குறியீடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மரத்துக்கும் மிக அருகில் இருக்கும் தன் இன மரம் எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுத்து, தற்செயல் பரவலில் வரவேண்டிய தூரத்தால் வகுப்பது. ஒன்று வந்தால் தற்செயல், குறைந்தால் கூட்டம், அறுகோண ஒழுங்கில் நின்றால் 2.149. சில்வர் ஓக் தோட்டத்தில் ஒன்றைத் தாண்டி மேலே போகும். அதற்கும் ஒரு குறை: முதல் பக்கத்து மரத்தோடு நின்றுவிடும். 1970-களில் ரிப்ளி கொடுத்த கே-சார்பு ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், ஐந்து மீட்டர் என்று வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், எந்தத் தூரம் வரை கூட்டம் தெரிகிறது என்று காட்டும். ஆர் மென்பொருளில் ஸ்பாட்ஸ்டாட் பொதி இதையெல்லாம் செய்யும்.

இனி வனவர் ஐயா சொன்னது. சந்தனத்துக்குப் பக்கத்தில் உசிலை இருக்கிறதா என்று கேட்டால் எப்போதும் 'ஆமாம்'தான், உசிலை எங்கும் இருக்கிறதே. கேட்க வேண்டியது வேறு: சந்தனத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் உசிலை, புங்கன் மாதிரி அவரை இன மரங்கள், சரிவின் மற்ற இடங்களில் இருப்பதைவிடக் கூடுதலா? சந்தனத்தையும் மற்ற மரங்களையும் நின்ற இடத்திலேயே வையுங்கள். மற்ற மரங்களின் பெயர்களை மட்டும் கணினியில் கலைத்து மாற்றிப் போடுங்கள், 999 தடவை. உண்மையான எண்ணிக்கை அந்த 999-ல் அநேகமாக எல்லாவற்றையும்விட அதிகம் என்றால் ஐயா ஜெயித்தார்.

ஓய்வு_வனவர்:

சரிம்மா வெக்காலி, தங்கச்சியே ஆகட்டும்.

சராசரி மேடம், நாங்க காட்டை ஒரு தடவை சுத்தி வர்றதுக்கே மூச்சு வாங்குது. நீங்க 999 தடவை கலைச்சுப் போடறீங்க! இருக்கட்டும், ஜெயிச்சா சொல்லுங்க.

நாகலூர்க்காரன்:

நாங்க மலையிலயே பொறந்து வளந்தவங்க. குருவி, வேர் ரெண்டும் உண்மைதாங்க. இன்னொண்ணு யாரும் சொல்லலை.

குழி. சந்தனத்தை யாரும் தரையோட வெட்டிட்டு வேரை விட்டுட்டுப் போறதில்லை. வேர்லயும் எண்ணெய் இருக்கறதால தோண்டித்தான் எடுப்பாங்க, துறை எடுத்தாலும் சரி, திருடன் எடுத்தாலும் சரி. எடுத்தப்புறம் அந்த எடத்துல ஒரு பள்ளம் இருக்கும். ரெண்டு மூணு மழையில ஓரம் சரிஞ்சு, உள்ள சருகு நெறைஞ்சு, பார்த்தா சாதாரணப் பள்ளமாத்தான் தெரியும். சுத்தி மண்ணுக்குள்ள அறுபட்டு மிச்சமான வேர்த் துண்டு கிடக்கும். அதுல இருந்து தளிர் கெளம்பும். பள்ளத்தைச் சுத்தி வட்டமா, ஏறத்தாழ ஒரே ஒசரத்துல, குச்சி குச்சியா நிக்கும். புதுசா பார்க்கறவங்க வெதையில வந்த கன்னுன்னு எழுதிக்குவாங்க.

ஒண்ணை லேசாத் தோண்டினா தெரிஞ்சுரும். வெதையில வந்ததுக்கு ஆணிவேர் நேரா கீழ போகும். வேர்த் தளிருக்கு அடியில விரல் மொத்தத்துல ஒரு பழைய வேர் குறுக்க படுத்திருக்கும், தளிர் அது மேல ஒரு பக்கமா எந்திரிச்சு நிக்கும். அந்தப் பழைய வேரைக் கீறி மோந்து பாருங்க. வேற எதுவும் கேக்க வேண்டியதில்லை.

வெக்காலி:

அண்ணா, இது பெரிய விஷயம். ஒரு கும்பல் முழுக்க ஒரே மரத்தின் தளிர் என்றால் அதைப் பத்து மரம் என்று எண்ணுவதா, ஒன்று என்று எண்ணுவதா?

சராசரி:

பத்துக்கும் புள்ளி வையுங்கள், எதில் இருந்து வந்தது என்று ஒரு குறியும் போடுங்கள்: விதை, தளிர், தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கே, விதைக் கன்றுகளுக்கு மட்டும் ஒரு கே. தளிரை எடுத்துவிட்டதும் சிறிய தூரத்தில் தெரிந்த கூட்டம் கரைந்துபோனால் காரணம் மண்வெட்டி. கரையாமல் நின்றால் குருவியையும் வேரையும் கேட்கலாம்.

எல்லாக் கன்றையும் தோண்ட வேண்டாம், அது காட்டுக்குச் செய்யும் அநியாயம். கும்பலுக்கு ஒன்றிரண்டு, அதுவும் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தால் மட்டும்.

குருவிராமன்:

சின்னதா ஒரு குறுக்கீடு. குருவி என்றால் கொண்டைக்குருவி மட்டும் இல்லை. குயிலும் இந்தப் பழத்தை விழுங்கும், குக்குறுவானும் வரும். கிளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கொட்டையையே உடைத்துவிடும். கொண்டைக்குருவி உட்காருவது பெரும்பாலும் புதரிலும் தாழ்ந்த கிளையிலும். குயிலுக்கு அடர்ந்த தழை வேண்டும், ஆலோ அத்தியோ பழம் பழுத்திருந்தால் அங்கேயே பொழுதைக் கழிக்கும். உங்கள் வரைபடத்தில் பழ மரங்களுக்குத் தனிக் குறி போடுங்கள். அத்தி அடியில் சந்தனக் கன்று கூடுதலாக இருந்தால் அதற்கு வேர்க்காரணம் தேட வேண்டாம்.

ஓய்வு_வனவர்:

தேடணும்ங்க. குருவி அத்தி அடியில நூறு கொட்டை போடட்டும். பொழைச்சு நிக்கறது எத்தனை? கொட்டை விழற எடம் வேற, மரம் நிக்கற எடம் வேற. நடுவுல ஆடு இருக்கு, தீ இருக்கு. சந்தனத் தழைன்னா ஆட்டுக்கு உசுரு. வெட்டவெளியில முளைச்சது ஒரு கடியோட சரி. சூரை, காரை, உண்ணிச்செடி மாதிரி முள்ளுப் புதருக்குள்ள முளைச்சதுதான் இடுப்பு ஒசரம் வரும். பாப்பா பார்த்த புதர்க் கன்னு அதுதான். ஆனா அதே உண்ணிச்செடி காஞ்சு தீப்பிடிச்சா உள்ள இருக்கறதும் சேந்து போகும். தீ வந்து போன சரிவு, வராத சரிவு ரெண்டையும் ஒரே கணக்குல போட்டுறாதம்மா.

இன்னொண்ணு, ஸ்பைக் நோய். இலை சிறுத்து, குச்சி நுனியில கொத்தா நெருங்கி நின்னுச்சுன்னா குறிச்சுக்கோ. 1899ல குடகுல முதல்ல பார்த்தது. பூச்சி கொண்டு போற நோய்ங்கறதால பக்கத்துல பக்கத்துல நிக்கறது வரிசையா போகும்.

இருபதாம்_வளைவு:

கன்னு கன்னுன்னே பேசறோம். பெரிய மரம்? நான் சின்னப் பையனா இருந்தப்ப கையை விரிச்சுக் கட்டிப் பிடிக்கற சந்தனம் எங்க பக்கம் நின்னுச்சு. இன்னிக்குத் தொடைப் பருமன் ஆனாலே போதும், ராத்திரியில எவனாவது வந்து டிரில் போட்டு உள்ள வைரம், அதான் வாசனை நடுக்கட்டை, ஏறியிருக்கான்னு பார்த்துட்டுப் போறான். 2002ல சட்டம் மாறினதுல இருந்து பட்டா நிலத்து மரம் நமக்குத்தான் சொந்தம். வெட்டறதும் விக்கறதும் இன்னும் துறை வழியாத்தான். சொந்த மரத்துக்கு நாமளே காவல் இருக்கோம்.

வெக்காலி:

பெரிய மரங்கள் பற்றியும் கேட்க நினைத்தேன். படித்த வரையில் வழக்கம் இதுதான்: கன்றுகள் கும்பலாக இருக்கும், மரம் பருக்கப் பருக்க நெருக்கத்தில் சில செத்து, பெரிய மரங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும். தாய் மரத்தடியில் பூச்சியும் நோயும் அதிகம் என்பதால் கன்று தள்ளித்தான் பிழைக்கும் என்று ஜான்சன் 1970-லும் கான்னல் 1971-லும் எழுதியது இன்னொரு பக்கம். என் இடத்தில் பெரிய மரங்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கின்றன. போட்டியின் விளைவு என்று எழுதலாமா?

சராசரி:

எழுதாதீர்கள். இந்த இழையிலேயே அதற்குப் பதில் வந்துவிட்டது. உங்கள் சரிவில் பெரிய மரத்தை எடுத்தது போட்டியா, டிரில்லா? இரண்டும் வரைபடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்: சின்னது நெருக்கம், பெரியது தள்ளித் தள்ளி. வேறு மரமாக இருந்தால் அந்த அனுமானம் செல்லும். வெக்காலி மரத்துக்குச் செய்து பாருங்கள், உசிலைக்குச் செய்து பாருங்கள். சந்தனத்தில் பெரிய மரத்தின் இடம் காட்டின் முடிவு மட்டுமில்லை.

ஆனால் நாகலூர்க்காரர் ஒரு வழி காட்டியிருக்கிறார். குழிகளுக்கும் எக்ஸ், ஒய் எடுங்கள். போன மரங்களையும் புள்ளியாகத் திரும்ப வைத்து ஒரு தடவை, வைக்காமல் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். குழிகளைச் சேர்த்ததும் பெரிய மரங்களும் கும்பலாகவே தெரிந்தால், தள்ளித் தள்ளி நிற்க வைத்தது மனிதர்கள்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் ஆய்வேட்டில் புதிதாக இருக்கப்போவது அந்தப் பகுதிதான்.

நாகலூர்க்காரன்:

எல்லாக் குழியும் சந்தனக் குழி இல்லைங்க மேடம். காட்டுப்பன்னி கெளறினதும் இருக்கும், கெழங்கு தோண்டினதும் இருக்கும். கெழங்குக் குழி குறுகலா ஆழமாப் போகும், பன்னி கெளறினது ஆழமில்லாம நீளமாப் போகும். சந்தனக் குழின்னா ஓரத்துல கோடாலி பட்ட வேர் முனை நீட்டிக்கிட்டு இருக்கும். அது இல்லாதப்ப சந்தேகம்னே எழுதுங்க தங்கச்சி.

வெக்காலி:

குறித்துக்கொண்டேன் அண்ணா. நேற்று எடுத்த ஒரு கும்பலின் படமும் ஜிபிஎஸ் புள்ளியும் கீழே போடுகிறேன், தளிரா விதையா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

[இணைப்பு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:

வெக்காலி, படத்தை மட்டும் இடக்குறிப்பு இல்லாமல் மறுபடி போடுங்கள். இந்த மன்றம் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. சந்தனத்தின் இருப்பிடம் எந்த வடிவிலும் இங்கே வேண்டாம், பின்னணியில் மலையுச்சியோ கோபுரமோ தெரியும் படமும் வேண்டாம். மற்றவர்களுக்கும் இதேதான்.

ஓய்வு_வனவர்:

நல்ல காரியம் பண்ணீங்க. ஆய்வேட்டுலயும் அப்படியே இருக்கட்டும்மா. கட்டத்தோட மூலையை ஜீரோன்னு வெச்சுக்கிட்டு அங்கிருந்து எத்தனை மீட்டர்னு எழுதினாப் போதும். அந்த மூலை மலையில எங்க இருக்குங்கறது உனக்கும் உங்க கைடுக்கும் துறைக்கும் தெரிஞ்சாப் போதும்.

சராசரி:

கணக்குக்கும் அது போதும். தூரங்கள்தான் தேவை, அட்சரேகை தேவையில்லை.

திருப்பத்தூரான்:

ஜவ்வாது மலையிலும் இதே கும்பல் கதைதான். ஒரு கேள்வி: மரமெல்லாம் கும்பலாக நிற்பது சந்தனத்துக்கு மட்டும் உரிய குணமா? முதுமலையில் பெரிய அளவில் எண்ணுகிறார்களே, அங்கே என்ன தெரிந்தது?

சராசரி:

சந்தனத்துக்கு மட்டும் இல்லை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-ல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு தண்டையும் எண்ணத் தொடங்கியது. அதையும் பனாமா, மலேசியா போன்ற இடங்களின் பெரிய நிலங்களையும் சேர்த்து 2000-ல் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய எல்லா இனங்களும் தற்செயலைவிடக் கூட்டமாகவே நிற்கின்றன, அரிதான இனங்கள் இன்னும் இறுக்கமாக. அதற்கும் முன்னால் 1979-ல் ஹப்பல், கோஸ்டா ரிகாவில் நம்முடையது போல மழைக்காலமும் வறட்சியும் மாறி வரும் ஒரு காட்டில் பார்த்தார். கூட்டம் அல்லது தற்செயல். சில்வர் ஓக் மாதிரி சீராக நின்றது எதுவும் இல்லை.

அதனால்தான் 'சந்தனம் கூட்டமாக நிற்கிறது' என்று முடித்தால் வாய்மொழித் தேர்வில் 'எதுதான் நிற்கவில்லை' என்று கேட்பார்கள். உசிலையையும் வெக்காலியையும் அதே ஹெக்டேரில் ஒப்பிட எடுங்கள். வெக்காலி விதை சிறியது, காற்றில் போகும். உசிலை காய்த்து அடியிலேயே நிறைய விழும். சந்தனம் குருவி வயிற்றில் போகும். மூன்றின் கே வளைவையும் ஒரே படத்தில் போட்டால் பார்க்கிறவர்களுக்கே புரியும்.

வெக்காலி:

அப்படியென்றால் திட்டம் இதுதான். ஒரே ஹெக்டேர், தீ வராத சரிவாக. மூன்று இனங்களுக்கும் இடமும் பருமனும், மற்ற பெரிய மரங்களுக்கு இடமும் பெயரும், பழ மரத்துக்கு ஒரு குறி. சந்தனத்துக்கு மட்டும் விதையா தளிரா, ஸ்பைக் உண்டா இல்லையா, எந்தப் புதருக்குள் நிற்கிறது. குழிகள் தனி. கைடிடம் பேசிவிட்டேன், கட்டக் கணக்கும் இருக்கட்டும் என்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும். எந்த மாதத்தில் போவது நல்லது?

ஓய்வு_வனவர்:

பெரிய மரத்துக்கு மாசி. மத்த மரமெல்லாம் இலை கொட்டி நிக்கறப்ப சந்தனம் மட்டும் பச்சையா இருக்கும், தூரத்துல இருந்தே எண்ணிக்கலாம். ஆனா அது தீ சீசன். வாட்சர் இல்லாம உள்ள போகாதம்மா, அவருக்கும் அப்ப வேலை கழுத்து வரைக்கும் இருக்கும், முன்கூட்டியே சொல்லி வை. கன்னுக்கு ஐப்பசி மழை விட்டதும் போ. மண்ணு ஈரமா இருந்தாத்தான் விரலுக்கு வழி விடும்.

நாகலூர்க்காரன்:

கன்னு பார்க்க வர்றப்ப சொல்லுங்க தங்கச்சி, எங்க ஊர்ப் பசங்க ரெண்டு பேர் டேப் பிடிக்க வருவாங்க. அட்டைக்கு உப்பு கொண்டு வாங்க.